1.1-ம் 29.1-ம்: இரண்டு வீட்டு மோடங்கள்

இணைய இணைப்பு எடுக்கும்போது வேகத்தைக் கேட்கிறோம், மாதக் கட்டணத்தைக் கேட்கிறோம், கூடவே எந்த ஓடிடி இலவசம் என்றும் கேட்கிறோம். சுவரில் ஆணியடித்து மாட்டப்போகும் பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கைக்கு வந்துவிட்டால் போதும், அந்தப் பெட்டி ஒட்டடை படிய ஆரம்பித்துவிடும். அதன் உள்பக்கங்களைத் திறந்து பார்க்க வேண்டிய நிலை சிலருக்குத்தான் வரும்: கேமரா பொருத்த வருபவருக்கு, வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவருக்கு, ஆன்லைன் விளையாட்டில் ‘நாட் டைப் ஸ்ட்ரிக்ட்’ என்று வந்து மண்டை காய்ந்துபோன பையனுக்கு. ஒரே வேகம், ஏறத்தாழ ஒரே கட்டணம் என்றாலும் ஒரு பெட்டி இன்னொன்றிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பது இவர்களுக்குத்தான் உறைக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணமாகக் கண்ணில் படும் இரண்டை. ஒன்று, பி.எஸ்.என்.எல். ஃபைபர் இணைப்போடு உள்ளூர் கேபிள்காரர் கொண்டுவந்து மாட்டும் ஓஎன்டி பெட்டி. சைரோடெக், நெட்லிங்க் என்று மேலே பெயர் எதுவாக இருந்தாலும், விலை குறைந்த பல பெட்டிகளுக்குள்ளே ரியல்டெக் சிப்பும் அதனோடு வரும் ஒரே சாயல் அமைப்புப் பக்கமும்தான் இருக்கும். மற்றொன்று, 2019 செப்டம்பர் 5 அன்று வணிக ரீதியாகத் தொடங்கிய ஜியோ ஃபைபரின் பெட்டி. இரண்டுக்கும் வருவது ஒரே மாதிரி கண்ணாடி இழை. முகவரியை யார் வைக்கிறார், யார் மாற்றலாம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஓஎன்டி என்று ஊரில் யாரும் சொல்வதில்லை, நாமும் பெரும்பாலும் மோடம் என்றே வைத்துக்கொள்வோம்.

பி.எஸ்.என்.எல். பெட்டியில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போனால், வெளி இணைப்பை அமைக்கும் பக்கம் நீளமாக விரியும். விலான் எண் என்ன? இணைப்பு பிரிட்ஜ் வகையா, ஐபிஓஇ வகையா, பிபிபிஓஇ வகையா? இது இணையத்துக்கா, தொலைபேசிக்கா, நிறுவனம் தொலைவிலிருந்து பெட்டியை நிர்வகிப்பதற்கா? ஒரு பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியு எவ்வளவு? ஐபிவி4 மட்டுமா, ஐபிவி6-ம் சேர்த்தா? எந்த லேன் துளைக்கு, எந்த வைஃபைக்கு இதைக் கட்டவேண்டும்? இத்தனைக்கும் நடுவில் ‘நாப்ட்’ என்று ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் விழாமல் சேமித்துவிட்டால் வேடிக்கைதான். இணைப்பு ‘அப்’ என்று காட்டும், முகவரியும் வந்து நிற்கும், பெட்டிக்குள்ளிருந்தே பிங் அடித்தால் பதில்கூட வரும். போனில் ஒரு தளமும் திறக்காது. வீட்டுக்குள் இருக்கும் தனி முகவரிகளை வெளி முகவரியாக மாற்றிக் கொடுக்கும் வேலையை அந்தக் கட்டம்தான் செய்கிறது. லைன்மேன் வந்தால் ஒளியின் அளவைப் பார்த்துவிட்டு, “பவர் நல்லாத்தான் சார் வருது” என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

ஜியோ பெட்டியில் 192.168.29.1 என்று போனால் இந்தப் பக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. இணைப்புக்கென்று யூசர் நேம், பாஸ்வேர்டு எதுவும் வாடிக்கையாளரிடம் தரப்படுவதில்லை. பெட்டி தன்னை அடையாளம் காட்டிக்கொள்கிறது, மறுமுனை முகவரியைத் தானே தந்துவிடுகிறது. வெளி இணைப்பின் நிலையைப் பார்க்கலாம், அமைக்க முடியாது. இதன் சௌகரியம் ரீசெட் அடிக்கும்போது தெரியும். ஜியோ பெட்டி சற்று நேரத்தில் பழையபடி எழுந்துவிடும். வைஃபை பெயரை மட்டும் திரும்ப வைத்தால் போதும். பி.எஸ்.என்.எல். பெட்டியின் ரீசெட் துளையில் குண்டூசியை வைத்து அழுத்தினால் விலான் எண்ணும் பிபிபிஓஇ விவரமும் போய்விடும். குறித்து வைக்காதவர் கேபிள்காரருக்குப் போன் போட்டுவிட்டு அவர் வரும்வரை மொபைல் டேட்டாவில் காலம் தள்ள வேண்டியதுதான்.

இந்தத் தேர்வுகளெல்லாம் ஃபைபரோடு வந்தவை இல்லை. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். ‘டேட்டா ஒன்’ பிராட்பேண்டைத் தொடங்கியபோதே, தொலைபேசிக் கம்பியில் ஓடிய ஹுவாவே, யூடிஸ்டார்காம் மோடங்களை இரண்டு விதமாக அமைக்கலாம். பிரிட்ஜ் முறையில் மோடம் வெறுமனே கடத்திவிடும்; விண்டோஸ் எக்ஸ்பியில் ‘பிராட்பேண்ட் கனெக்‌ஷன்’ ஐகானைத் திறந்து டயல் செய்தால்தான் நெட். முகவரி நேரடியாகக் கணினிக்கே வரும். பிபிபிஓஇ முறையில் மோடமே டயல் செய்துகொண்டு, வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும். விபிஐ 0, விசிஐ 35 என்ற இரண்டு எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள் அன்றைக்குத் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். அதே தேர்வு இன்றைய ஓஎன்டியிலும் ‘சேனல் மோட்’ என்ற பெயரில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

பிரிட்ஜ் முறையின் அருமை சொந்தமாக நல்ல ரவுட்டர் வாங்கி வைத்திருப்பவருக்குத் தெரியும். ஓஎன்டியைப் பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு யூசர் நேம், பாஸ்வேர்டை டிபி-லிங்க் ரவுட்டரிலோ மைக்ரோடிக்கிலோ போட்டால், வெளி முகவரி நேராக அந்த ரவுட்டருக்கே வரும். முகவரி மாற்றம் வீட்டில் ஒரே இடத்தில்தான் நடக்கும். ஓஎன்டி பழுதாகி வேறு கம்பெனிப் பெட்டி மாட்டினாலும் உள்ளே எதுவும் மாறாது. கேமரா, பிரிண்டர், டிவி எல்லாம் பழைய எண்ணிலேயே இருக்கும். ஜியோவின் வீட்டு இணைப்பில் இந்த வசதி பயனருக்குத் தரப்படுவதில்லை. சொந்த ரவுட்டர் வைத்தே தீருவேன் என்பவர் அதை ஜியோ பெட்டிக்குப் பின்னால் வைக்கலாம். அப்போது முகவரி வீட்டுக்குள்ளேயே இரண்டு முறை மாறும், நிறுவனத்தின் பக்கம் நடப்பதையும் சேர்த்தால் மூன்று முறை. படம் பார்க்க, வாட்ஸ்அப்பில் வீடியோ பேச இதனால் ஒரு குறையும் தெரியாது. வெளியிலிருந்து வீட்டுக்குள் வர நினைக்கும்போதுதான் முட்டும்.

மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்பதற்காக மட்டும் பழைய ரவுட்டரை இணைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. அந்த ரவுட்டருக்கு ஜியோ பெட்டி தானாக வழங்கும் எண்களுக்கு வெளியே உள்ள ஒரு 192.168.29 முகவரியைக் கொடுத்து, கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, ஒயரை அதன் வெளி இணைப்புத் துளையில் செருகாமல் லேன் துளையில் செருகினால், அது வைஃபை பரப்பும் வேலையை மட்டும் பார்க்கும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் வீட்டில் முகவரி கொடுப்பவர் இருவர் ஆகிவிடுவார்கள். யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாரோ அவர் தந்த எண்தான் போனில் விழும். பழைய ரவுட்டர் முந்தினால் வைஃபை குறி முழுசாக இருக்கும், நெட் இருக்காது. அணைத்துப் போட்டால் ஒருவேளை வரும். வரும் ஆனா வராது என்ற ரகத்துப் புகார்கள் வீட்டில் எழும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இது பி.எஸ்.என்.எல். வீட்டுக்கும் பொருந்தும்; ஆனால் பிரிட்ஜ் இருப்பதால் அங்கே இதற்கு வேறு வழியும் உண்டு.

பிபிபிஓஇ முறைக்கு ஒரு சின்னக் கூலி இருக்கிறது. ஈதர்நெட் பொட்டலம் ஒன்றில் 1500 பைட் ஏற்றலாம். பிபிபிஓஇ தன் தலைப்புக்காக 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. எம்டியு கட்டத்தில் இந்த எண் தப்பாக இருந்தால் பெரிய பொட்டலங்கள் வழியில் தொலைந்துபோக இடமுண்டு. அதன் அறிகுறி விசித்திரமானது. கூகுள் திறக்கும், யூடியூப் ஓடும். ஏதோ ஒரு வங்கித் தளமோ அரசுத் தளமோ மட்டும் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். பழியெல்லாம் அந்தத் தளத்தின் மேல் விழும். ஜியோ வாடிக்கையாளர் இந்த எண்ணைத் தொட வேண்டிய அவசியமே வருவதில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். தனி வலைகளுக்கென்று ஒதுக்கிய முகவரிகளைச் சொல்லும் இப்போதைய விதி 1996 பிப்ரவரியில் வெளிவந்தது. 192.168 என்று தொடங்குபவை அதில் ஒரு தொகுதி. மொத்தம் 65,536 முகவரிகள். மூன்றாவது எண்ணை 0 முதல் 255 வரை எதுவாகவும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தும், உலகத்து மோடம் கம்பெனிகளில் பாதி 0-ஐயும் 1-ஐயும் விட்டு நகர்வதில்லை. பி.எஸ்.என்.எல். ஓஎன்டியும் அந்த வழக்கப்படி 1-ல் நிற்கிறது. ஜியோ 29-ஐப் பிடித்துக்கொண்டது. பார்ப்பதற்கு அற்ப விஷயம். கேமரா பொருத்த வரும் தம்பியைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்.

ஹிக்விஷன் ஐபி கேமரா பெட்டியிலிருந்து எடுத்தவுடன் 192.168.1.64 என்ற முகவரியோடு வரும். டாஹுவா என்றால் 192.168.1.108. இவற்றை பி.எஸ்.என்.எல். மோடத்தில் செருகினால், மோடமும் கேமராவும் ஒரே 192.168.1 வலைக்குள் இருப்பதால், லேப்டாப்பில் அந்த எண்ணை அடித்த மாத்திரத்தில் கேமராவின் பக்கம் திறந்துவிடும். அதே கேமராவை ஜியோ பெட்டியில் செருகினால் லேப்டாப் 192.168.29 வலையில் இருக்கும், கேமரா 192.168.1-ல் இருக்கும், ஒரே ஒயரில் இருந்தும் ஒன்றுக்கொன்று பேசாது. கம்பெனியின் தேடல் மென்பொருளை ஓட்டிப் பார்க்க வேண்டும், அல்லது லேப்டாப்புக்குத் தற்காலிகமாக 192.168.1.50 என்று கையால் கொடுத்துவிட்டு, கேமராவின் முகவரியை 29-க்கு மாற்றி, பிறகு லேப்டாப்பைப் பழையபடி தானியங்கிக்குத் திருப்ப வேண்டும். கை பழகியவருக்குச் சில நிமிட வேலை. பழகாதவருக்கு ஒரு மத்தியானம் போய்விடும்.

ஆனால் எளிதாக வேலை முடிந்த பி.எஸ்.என்.எல். வீட்டில்தான் பின்னால் வம்பு வரும். கேமரா 64-ல் உட்கார்ந்திருப்பது மோடத்துக்குத் தெரியாது. மோடத்தின் டிஹெச்சிபி 2 முதல் 254 வரை வழங்கலாம் என்று விட்டிருந்தால், ஒருநாள் வீட்டுக்கு விருந்தாளிகள் நிறையப் பேர் வந்து வைஃபையில் ஏறும்போது அந்த 64-ஐ யாரோ ஒருவரின் போனுக்கும் தூக்கிக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. அன்றைக்குக் கேமரா விட்டுவிட்டுத் தெரியும். இதைத் தவிர்க்க, வழங்கும் எண்களை 100-லிருந்து தொடங்கி 200-ல் முடிக்குமாறு சுருக்கிவிட்டு, அதற்கு வெளியே உள்ளவற்றைக் கேமரா, பிரிண்டர், கேமராப் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் ஆகியவற்றுக்குக் கையால் கொடுப்பது நல்லது. ரியல்டெக் பக்கங்களில் இந்த வரம்பைக் குறிக்க இரண்டு கட்டங்கள் உண்டு. குத்தகைக் காலத்தை வினாடிக் கணக்கில் கேட்கும், ஒரு நாள் என்றால் 86400.

கையால் கொடுப்பதைவிட, ‘இந்தக் கருவிக்கு எப்போதும் இந்த எண்’ என்று மோடத்திலேயே எழுதி வைப்பது இன்னும் சுத்தமான வழி. இரண்டு பெட்டிகளிலும் இது உண்டு. ரியல்டெக் பக்கத்தில் டிஹெச்சிபிக்கு அடியில் ‘மேக் பேஸ்டு அசைன்மென்ட்’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் கருவியின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியையும் வேண்டிய ஐபியையும் அடிக்கச் சொல்லும் ஒரு குட்டிப் பட்டியல் வரும். பன்னிரண்டு எழுத்தெண்களை எந்தக் குறியிட்டுப் பிரிக்க வேண்டும் என்பதில் அது கறாராக இருக்கும். தப்பினால் ‘இன்வேலிட்’ என்று மட்டும் சொல்லுமே தவிர என்ன தப்பு என்று சொல்லாது. ஜியோ பெட்டியில் டிஹெச்சிபி ஒதுக்கீட்டுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது, பார்க்கவும் பதவிசாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மூடிய பெட்டி எனப் பெயர் வாங்கிய ஜியோதான் கைக்கு இதமானது.

போன்களுக்கு இப்படி எண் ஒதுக்க நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் தம் உண்மையான மேக் முகவரியைச் சொல்லாமல், வைஃபைக்கு ஒன்றாகப் புனைந்த ஒன்றைச் சொல்கின்றன. ஒதுக்கீடு உறுதியாக நிலைக்க வேண்டுமானால் வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்துவிடுவது நல்லது. டிவிக்கும் பிரிண்டருக்கும் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

29 என்ற எண்ணுக்கு ஒரு நன்மையும் உண்டு, அது வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு. சின்ன அலுவலகங்கள் பலவற்றில் உள்வலை 192.168.1-ல்தான் ஓடுகிறது. வீடும் அதே எண்ணில் இருக்கும்போது விபிஎன் போட்டு அலுவலகத்தின் 192.168.1.20 சர்வரைக் கேட்டால், லேப்டாப் அதை வீட்டுக்குள்ளேயே தேடும். விபிஎன் பச்சை காட்டும், ஃபோல்டர் திறக்காது. ஐடி துறை அதன் பக்கம் சரி என்று சத்தியம் செய்யும். ஜியோ வீட்டில் இந்த மோதல் அநேகமாக வராது. பி.எஸ்.என்.எல். பெட்டியில் லேன் முகவரியை 192.168.57.1 என்பது போல யாரும் பயன்படுத்தாத எண்ணுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. சேமித்தவுடன் பக்கம் காணாமல் போகும், பயப்பட வேண்டாம். புதிய எண்ணை அடித்துத் திரும்ப உள்ளே போகலாம். டிஹெச்சிபி வழங்கும் வரம்பும் கூடவே 57-க்கு மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சில பெட்டிகளில் அது பழைய எண்ணிலேயே தங்கிவிடும்.

தளங்களின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு 9-லிருந்து போனிலேயே ‘பிரைவேட் டிஎன்எஸ்’ வந்துவிட்டதால், மோடத்தில் அதைத் தோண்டுவது இப்போது விருப்பம் சார்ந்த விஷயம்.

இந்த ஒப்பீட்டின் கனமான பகுதி வெளி முகவரி. ஐபிவி4 முறையில் உலகம் முழுமைக்கும் உள்ள முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ல் தீர்ந்தது. இந்தியாவும் சேர்ந்த ஆசிய பசிபிக் பகுதிக்குப் பங்கிடும் ஏப்நிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் கடைசித் தொகுதியைக் கையிலெடுத்து, ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரி என்று அளந்து கொடுக்க ஆரம்பித்தது. பி.எஸ்.என்.எல். பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தது. ஜியோ கைபேசிச் சேவையைத் தொடங்கிய 2016 செப்டம்பரில் இலை எடுத்துவிட்டார்கள். கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு பொது முகவரி தர அதற்கு வழியே இல்லை.

ஆகவே ஜியோ வீட்டுக்கு வரும் ஐபிவி4 முகவரி தனியானது அல்ல. பல வீடுகள் வெளியுலகுக்கு ஒரே முகவரியில் தோன்றும். இதற்குச் சிஜிநாட் என்று பெயர். நிறுவனத்துக்கும் வீட்டுக்கும் நடுவே பயன்படுத்துவதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64-லிருந்து 100.127 வரை, சுமார் 42 லட்சம் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. இதன் விளைவு, மோடத்தில் போர்ட் திறக்கும் பக்கம் இருந்தாலும் அது வெறும் அலங்காரம்தான். வெளியிலிருந்து வருவது நம் பெட்டியை எட்டும் முன்பே, நிறுவனத்தின் கருவியில் இது யாருக்கு என்று தெரியாமல் நின்றுவிடும். விளையாட்டில் ‘நாட் ஸ்ட்ரிக்ட்’ வருவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். அதே முகவரியில் இருக்கும் முகம் தெரியாத யாரோ செய்த காரியத்துக்கு, ‘நான் ரோபோ இல்லை’ என்று நாம் போக்குவரத்து விளக்குப் படங்களைச் சொடுக்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

பி.எஸ்.என்.எல். என்றால் பொது முகவரி நிச்சயம் என்று நினைத்துக்கொள்ளவும் கூடாது. பொது முகவரி வரும் இணைப்புகளும் உண்டு, பகிர்ந்த முகவரி வரும் இணைப்புகளும் உண்டு. சோதிப்பது எளிது. மோடத்தின் நிலைப் பக்கத்தில் வெளி இணைப்புக்கு எதிரே உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, கூகுளில் ‘என் ஐபி என்ன’ என்று தேடி ஏதாவது ஒரு தளம் காட்டும் ஐபிவி4 எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றானால் முகவரி நம்முடையது. மோடத்தில் 10 என்றோ 100.64 முதல் 100.127-க்குள்ளோ தொடங்கினால் பகிர்ந்தது. பொது முகவரியே கிடைத்தாலும் பிபிபிஓஇ மறுபடி டயலாகும்போது அது மாறக்கூடும். மாறாத எண் வேண்டுமானால் தனிக் கட்டணம் கட்டி நிலை ஐபி வாங்கலாம், அல்லது மாறும் எண்ணைத் துரத்திப் பிடித்து ஒரு பெயரோடு கட்டிவைக்கும் டிடிஎன்எஸ் சேவையைப் போடலாம்.

இதுவரை படித்தவருக்கு, வெளியிலிருந்து வீட்டை எட்ட பி.எஸ்.என்.எல்.தான் வழி என்று தோன்றும். இங்கேதான் கதை திரும்புகிறது. பழைய முகவரிக்குத் தட்டுப்பாடு இருந்ததாலேயே ஜியோ புதிய முகவரி முறையான ஐபிவி6-ல் முழுமூச்சாக இறங்கியது. ஏப்நிக் அளவீடுகளில் அதன் வாடிக்கையாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐபிவி6 உள்ளவர்கள். ஜியோ ஃபைபர் வீட்டில் ஒரு லேப்டாப்பின் வலை விவரத்தைத் திறந்தால் 192.168.29 எண்ணுக்குக் கீழேயே 2405:201 என்று தொடங்கும் நீண்ட முகவரி ஒன்று இருக்கும். அது பகிர்ந்ததல்ல, அந்த லேப்டாப்புக்கே உரிய பொது முகவரி. நடுவில் மாற்றம் எதுவும் கிடையாது; மோடத்தின் ஃபயர்வால் மட்டும் வெளியிலிருந்து வருவதைத் தடுத்துக்கொண்டிருக்கும். ஐபிவி6 ஃபயர்வால் விதியில் குறிப்பிட்ட கருவிக்கு, குறிப்பிட்ட போர்ட்டுக்கு அனுமதி எழுதினால் அந்தக் கருவியை வெளியிலிருந்து நேராக எட்டலாம். ‘எதுவும் மாற்ற முடியாத பெட்டி’ என்று ஜியோவை ஏசுபவர்களில் பலர் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. பார்க்கும் பக்கத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும். கைபேசியில் பெரும்பாலும் இருக்கும், அலுவலக வைஃபையில் இல்லாமல் போகலாம். முகவரியின் முன்பகுதி மாறக்கூடும், ஆகவே டிடிஎன்எஸ் இங்கேயும் வேண்டும். பின்னால் வைத்த சொந்த ரவுட்டருக்கென்று தனி ஐபிவி6 வலை கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கேமரா, டிவிஆர் சமாசாரம் என்றால் இந்தப் பாடெல்லாம் படவே வேண்டியதில்லை. டிவிஆரின் அடியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியைக் கம்பெனி ஆப்பில் ஸ்கேன் செய்தால், டிவிஆர் உள்ளிருந்து வெளியே கம்பெனி சர்வரோடு பேசி வழி ஏற்படுத்திக்கொள்ளும். சிஜிநாட் அதைத் தடுக்காது. வீட்டுப் படம் அந்தக் கம்பெனியின் சர்வரை நம்பி நிற்கும் என்பதை ஏற்றுக்கொள்பவருக்கு எந்த மோடமும் சரி.

பெட்டியின் நிர்வாகம் யார் கையில் இருப்பது நல்லது என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2017 ஜூலையில், மாற்றப்படாத ‘அட்மின்’ கடவுச்சொல்லோடு கிடந்த பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடங்களை ஒரு தீநிரல் தாக்கியது. சுமார் 60,000 மோடங்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முந்தைய நவம்பரில் ஜெர்மனியில் நடந்தது மறுபக்கம். நிறுவனம் தொலைவிலிருந்தே மோடத்தை நிர்வகிக்க டிஆர்-069 என்ற முறை 2004 முதல் இருக்கிறது. அதற்கென்று வைக்கப்படும் 7547-வது போர்ட்டை மிராய் வகைத் தீநிரல் ஒன்று உலகெங்கும் தட்டிப் பார்த்ததில், டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் தடுமாறின. ஒரே நிறுவனத்தின் பிடியில் லட்சக்கணக்கான பெட்டிகள் இருப்பதன் ஆபத்து அது. ஆனால் திருத்திய மென்பொருளை அந்த நிறுவனமே உடனடியாக வெளியிட்டது. அணைத்துப் போட்டால் போதும் என்றது.

பி.எஸ்.என்.எல். ஓஎன்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் யார் தருவது? தயாரித்த கம்பெனியா, மாட்டிய கேபிள்காரரா, பி.எஸ்.என்.எல்.லா? கேட்டுப் பார்த்தால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவதே நடக்கும். இந்த ஒரு காரணத்துக்காக, அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் எண்ணமே இல்லாத வீட்டுக்கு ஜியோ வகைப் பெட்டிதான் பொருத்தம் என்பது என் முடிவு. சொந்த ரவுட்டர் வைத்துக்கொண்டு, விபிஎன், வீட்டு சர்வர் என்று நோண்டிக்கொண்டே இருப்பவருக்கு பி.எஸ்.என்.எல். வகை. அங்கே ஓஎன்டியை பிரிட்ஜில் போட்டுவிட்டால், புதுப்பிக்கப்படாத அந்தப் பெட்டி இணையத்தை நேராகப் பார்த்து நிற்கும் தொல்லையும் பெருமளவு குறைகிறது.

பி.எஸ்.என்.எல். எடுப்பவர், லைன்மேன் படியிறங்கும் முன் விலான் எண்ணையும் யூசர் நேம், பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி, வெளி இணைப்புப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர் போன பிறகு அட்மின் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். அதே பக்கத்தில் ‘ஐபி புரோட்டோகால்’ என்ற இடத்தில் பெரும்பாலும் ஐபிவி4 மட்டும் என்று விட்டிருப்பார்கள். அதை இரண்டும் என்று மாற்றிச் சேமித்து, நிலைப் பக்கத்தில் நீண்ட முகவரி ஏதாவது வந்து விழுகிறதா என்று பார்க்கலாம். விழாவிட்டால் எடுத்துவைத்த படத்தைப் பார்த்துப் பழையபடி திருப்பிவிட்டால் ஆயிற்று.